அத்தைக்குக் கணக்கு தப்பியது ஏன்?

எங்கள் ஊர் முக்கூடல். என் மாமியாருக்கு 71 வயது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். பத்து வயதில் மடியில் ஏறிய பீடித்தட்டு, 60 வருஷம் இறங்கவே இல்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே சுற்றினாலும், கட்டுக்கு 25 என்றால் 25 தான். கடையில் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், அத்தை கட்டிய கட்டுகளில் ஒன்றில் 21, இன்னொன்றில் 28 என்று வர ஆரம்பித்தது. கடையில் திருப்பி அனுப்பினர். 'கண்ணு மங்கிட்டு போல' என்று விட்டுவிட்டோம். சொதிக்கு இரண்டு தரம் உப்பு போட்டார். 'வேணும்னே செய்யுதாவ' என்று நானும் முணுமுணுத்தேன்; இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆற்றுக்குக் குளிக்கப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் படித்துறையிலேயே உட்கார்ந்திருந்த அன்று தான் பயந்து போனோம்.

எங்கள் தெருவில் ரிட்டையர்டான வாத்தியார் ஒருவர் இருக்கிறார். செக்கில் கையெழுத்து மாறியதுமே, மகன் மதுரைக்குக் கூட்டிப்போய், ஒரே மாதத்தில் மறதி நோய் என்று கண்டுபிடித்து விட்டார்கள். எங்கள் அத்தைக்கோ ஒன்றரை வருஷம் ஆனது!

முதலில் ஒரு தனியார் டாக்டரிடம் தான் போனோம். 'இன்னைக்கு என்ன தேதி? நூறுல ஏழு போனா எவ்வளவு? ஒரு வரி எழுதுங்க' என்றார். அத்தை என்னைப் பார்த்து, 'ஏட்டி, எனக்கு என்னைக்கு எழுதத் தெரிஞ்சுது?' என்றார். 'படிக்காதவங்க, வயசும் ஆச்சு' என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பி விட்டார்.

கடைசியில் வழி காட்டியது, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை கொண்டு வரும் பெண். அவள் அத்தையிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள். 'அக்கா, ஆச்சி முன்னால நல்லா செஞ்ச எந்த வேலைய இப்ப செய்ய முடியல?' பீடிக்கட்டு கதையைச் சொன்னேன். உடனே, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அங்கே தைராய்டு, பி12 சத்து, ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். அந்தச் சத்துக் குறைவாலும், தைராய்டாலும் மறதி வந்தால் சரி செய்யலாமாம். அத்தைக்கு வந்திருப்பது மறதி நோய் தான். குணமாகாது, ஆனால், என்ன நோய் என்று தெரிந்ததும் வீட்டில் திட்டு நின்றது.

தேதி, கழித்தல், எழுத்து என்ற அந்தச் சோதனை 1975ல் அமெரிக்காவில் வந்ததாம். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில், படிக்காத முதியோருக்காக அதையே மாற்றி, 1995ல் இந்தியில் வெளியிட்டார்கள். எழுதுவதற்குப் பதில், 'உங்க வீட்டைப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்டார்கள். இது எல்லா டாக்டர்களுக்கும் தெரிய வேண்டாமா?

நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்கிறது, 2023ல் வெளியான ஆய்வு. ஆண்களை விடப் பெண்களுக்கும், நகரத்தை விடக் கிராமத்திலும் அதிகமாம். அதிகம் பாதிக்கப்படுவது யாரோ, அவர்களுக்குத் தானே கடைசியில் தெரிய வருகிறது!

கவனிப்பும் பெண் தலையில் தான். அத்தையைப் பார்த்துக்கொள்ள, நான் பீடி சுற்றுவதைப் பாதியாகக் குறைத்தேன், வருமானமும் பாதியானது. வீட்டில் பேசி, இப்போது மாதத்தில் ஒரு வாரம் நாத்தனார் கூட்டிப் போகிறார். ஞாயிறன்று குளிப்பாட்டுவது என் கணவர் பொறுப்பு.

தோழியரே, உங்கள் அம்மாவோ, மாமியாரோ கோலத்தில் புள்ளி தப்பினால், குழம்பில் கைப்பக்குவம் மாறினால், 'வயசாயிட்டு' என்று விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அவர் செய்துவந்த வேலை எப்போது, எப்படி மாறியது என்பதை எழுதிக் கொண்டு போங்கள். பாடம் படிக்காதவருக்கு அவர் வேலை தானே பாடம்!

- ஒரு வாசகி, முக்கூடல்.