ஓடும் காலுக்கு எவ்வளவு மெத்தை?

காவலர் தேர்வின் 1,500 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி செய்யும் மாணவரானாலும், உடல்நலத்துக்காகத் தினமும் ஓடும் பெரியவரானாலும், காலணிக் கடைக்குள் நுழைந்ததும் குழப்பம்தான். "இதில் மெத்தை அதிகம்" என்பார் கடைக்காரர். மெத்தை தடிக்கத் தடிக்க விலையும் ஏறும். மெத்தை எதற்காக? எவ்வளவு இருந்தால் போதும்? பள்ளியில் படித்த நியூட்டன் விதியைக் கொண்டே இதை ஆராய்வோம்.

மோதலும் நேரமும்

ஓட்டம் என்பது சிறு தாவல்களின் தொடர். ஒவ்வோர் அடியிலும் உடல் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். உங்கள் நிறை 60 கிலோகிராம் எனில், உந்தம் 60 அலகு. இதை 1/100 வினாடியில் நிறுத்த 6,000 நியூட்டன் விசை வேண்டும். அது உங்கள் எடையைப் போல் பத்து மடங்கு! 1/10 வினாடியில் நிறுத்தினால் 600 நியூட்டன் போதும். (உடல் எடையைத் தாங்கும் விசை இரண்டோடும் சேரும்.) நேரம் நீண்டால் விசை குறைகிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதற்காகவே.

முதல் சுருள்வில் உங்கள் கால்

அந்த 1/10 வினாடியைத் தருவது காலணி என்று எண்ணிவிடாதீர்கள். முழங்கால் மடிவதும், கணுக்கால் வளைவதும், தசைநாண்கள் நீள்வதுமே அதைத் தருகின்றன. காலணியின் நுரை அமுங்குவது 1 சென்டிமீட்டர் அளவுதான். பாதம் தரையில் பட்டவுடன் எழும் முதல் அதிர்ச்சியைச் சற்றே நீட்டித் தணிப்பது அதன் வேலை. மேலும், தளம் மென்மையானால் கால் தன்னை விறைப்பாக்கிக்கொள்கிறது. தளம் கடினமானால் தளர்த்திக்கொள்கிறது. எனவே, மெத்தையை இரு மடங்காக்கினால் அதிர்ச்சி பாதியாகிவிடாது.

அமுங்கினால் மட்டும் போதுமா?

மணலில் ஓடிப் பாருங்கள். கால் மெத்தென்று பதியும். ஆனால் விரைவில் களைத்துவிடுவீர்கள். மணல் வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருவதில்லை. நல்ல நுரை அமுங்கவும் வேண்டும், மீளவும் வேண்டும். வழக்கமான எத்திலீன் வினைல் அசிடேட் நுரை, பெற்ற ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கைத் திருப்பித் தருகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. 2017இல் பந்தயக் காலணிகளில் வந்த புதுவகை நுரை 87 சதவீதம் வரை திருப்பியது. ஆனால் அன்றாடப் பயிற்சிக்கு அத்தனை விலை கொடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் மெத்தையால் பயனே இல்லையா? உண்டு. லக்சம்பர்க்கில் 848 ஓட்டக்காரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2020இல் வெளியாயிற்று. கெட்டியான காலணி அணிந்தவர்களே அதிகம் காயமுற்றனர். வியப்பு என்னவென்றால், இந்த வேறுபாடு எடை குறைந்தவர்களிடம்தான் தெரிந்தது. எடை மிகுந்தவர்களிடம் தெரியவில்லை. ஆகவே, "கனத்த உடலுக்குத் தடித்த மெத்தை" என்று சூத்திரம் போட்டுவிட முடியாது.

கடையில் என்ன செய்யலாம்?

கட்டைவிரலால் நுரையை அழுத்திப் பார்ப்பது போதாது. ஓடும்போது அதன்மேல் விழுவது உங்கள் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை. இரு கால்களிலும் அணிந்து சிறிது தூரம் ஓடிப் பாருங்கள். நுரை முழுதும் அமுங்கித் தரை தட்டினால் அது உங்களுக்கு மிக மென்மை. பலகைபோல் இருந்தால் மிகக் கெட்டி. கால் பக்கவாட்டில் ஆடக்கூடாது; குதிகால் நழுவக்கூடாது; கால்விரல்களுக்கு முன் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். பாதம் சற்றே பருத்திருக்கும் மாலை நேரத்தில் வாங்குவது நல்லது.

நுரைக்கும் முதுமை உண்டு. மீட்டருக்கு ஓர் அடி எனக் கொண்டாலும், 5 கிலோமீட்டருக்கு 5,000 அடிகள். ஒவ்வொரு காலணிக்கும் 2,500 மோதல்கள். நுரையின் நுண்ணறைகள் சிறிது சிறிதாகச் சிதைகின்றன. அடிப்பாகம் தேயாமல் இருந்தாலும் 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மெத்தை தளர்ந்துவிடுவது வழக்கம். தினமும் 5 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது மூன்று முதல் ஐந்து மாதம். எனவே, கையிலுள்ள பணம் முழுவதையும் ஒரே விலையுயர்ந்த இணையில் போடுவதைவிட, காலுக்குப் பொருந்தும் நடுத்தர விலைக் காலணியை வாங்கி, அது தளர்ந்ததும் மாற்றிக்கொள்வதே அறிவுடைமை.