தோட்டத்தில் புதைத்த தொட்டி! கிணற்றில் மிதந்த எண்ணெய்!

சாயர்புரத்தில் யாரும் வீட்டைச் சூடாக்குவது இல்லை.

சூட்டைத் தணிக்கத்தான் வழி தேடுகிறார்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் அங்கு அடிக்கும் வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேப்பமரத்தின் நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தால்தான் கொஞ்சம் மூச்சு வரும்.

ஆனால், தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் குளிர் நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். அங்கே வீட்டுக்குள் சூடு இல்லாவிட்டால் குழாயில் உள்ள தண்ணீர்கூட உறைந்து, குழாய் வெடித்துவிடும்.

சாயர் என்பவர் 1814-ம் ஆண்டில் வாங்கிய நிலத்தில் எழுந்த ஊர் சாயர்புரம். 1842-ம் ஆண்டில் போப் ஐயர் இங்கே வந்து பள்ளிக்கூடம் நடத்தினார். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தாரே, அதே போப் ஐயர்தான். அவர் முதுமையில் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் அங்கே குளிர் காய்வதற்கு நிலக்கரியை எரித்தார்கள். பிறகு பல நாடுகளில் நிலக்கரி போய், எண்ணெய் வந்தது.

எண்ணெய் என்றால் சமையல் எண்ணெய் அல்ல. டீசலைப் போன்ற எண்ணெய்!

அதை எங்கே வைப்பது? வீட்டுக்கு முன்னால் வைத்தால் அழகு கெட்டுவிடும். ஆகவே, தோட்டத்தில் குழி தோண்டி, இரும்புத் தொட்டியைப் புதைத்தார்கள். எண்ணெய் ஊற்ற ஒரு குழாய், காற்றுப் போக ஒரு குழாய். இரண்டு மட்டும் வெளியே தெரியும். அமெரிக்காவில் ஏராளமான வீடுகளில் இப்படிப் புதைத்தார்கள். தொட்டி ஒன்றில் 1,000 லிட்டர் முதல் சுமார் 4,000 லிட்டர் வரை எண்ணெய் பிடிக்கும்.

பிறகு குழாய் வழியே எரிவாயு வந்தது. எண்ணெயை மறந்தார்கள். தொட்டியையும் மறந்தார்கள்.

"கெடந்துட்டுப் போவுது!"

நியூஜெர்சி மாநிலத்தில் வாழும் சாயர்புரத்துப் பெண் ஒருத்தி, பழைய வீடு ஒன்றை வாங்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாயுடன் செல்போனில் பேசுகிறாள்.

"அம்மா, வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா தோட்டத்துல ஒரு எண்ணெய்த் தொட்டி புதைஞ்சி கெடக்காம்."

"கெடந்தா கெடந்துட்டுப் போவுது, ஏட்டி! மண்ணுக்குள்ளதான கெடக்கு? ஒன்ன என்ன செய்யுது?"

தாய் சொன்னது நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால், அந்தத் தொட்டி சும்மா கிடப்பது இல்லை!

இரும்பை மண் தின்னும். ஈரமான மண் இன்னும் வேகமாகத் தின்னும். இருபது, முப்பது ஆண்டுகளில் ஊசி முனை அளவு ஓட்டை விழுகிறது. சொட்டுச் சொட்டாக எண்ணெய் கசிகிறது. மேலே புல் பச்சையாக இருக்கும். பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். அடியில் மண் கறுத்துக்கொண்டே போகும். கடைசியில் எண்ணெய் நிலத்தடி நீரைத் தொட்டுவிடும்.

இதனால் அங்கே வீடு வாங்குகிறவர்கள், இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கொண்டு தோட்டத்தைச் சோதிக்கச் சொல்கிறார்கள். "பீப் பீப்" என்று சத்தம் வந்தால் விலை பேசுவது நின்றுவிடும்!

எப்படி எடுக்கிறார்கள்?

முதலில் ஊராட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். மின்சார வயர், எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று அடையாளம் போட வேண்டும்.

மேல் மண்ணை அகற்றிவிட்டு, மிச்சம் இருக்கும் எண்ணெயைப் பம்பு வைத்து உறிஞ்சுவார்கள். பிறகு தொட்டியில் வழி வெட்டி, அடியில் தங்கிய சேற்றை வழித்து எடுப்பார்கள். காலியான தொட்டிதானே என்று உடனே உள்ளே தலையை நீட்டக்கூடாது. உள்ளே நல்ல காற்று இருக்காது. நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி எத்தனை பேர் உயிர் விட்டிருக்கிறார்கள்! அதே ஆபத்து இங்கும் உண்டு. காற்றைச் சோதித்த பிறகே ஆள் இறங்கலாம்.

கடைசியாக மண்வெட்டி எந்திரத்தைக் கொண்டு தொட்டியைத் தூக்குவார்கள். அப்போதுதான் உண்மை தெரியும். தொட்டியின் வயிற்றில் ஓட்டை இருக்கிறதா? குழியின் மண் மணக்கிறதா? மண்ணை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள்.

மண் சுத்தம் என்று முடிவு வந்தால் குழியை மூடிவிட்டுப் போய்விடலாம். செலவு சில ஆயிரம் டாலரோடு முடியும். மண் கெட்டிருந்தாலோ, தலைவலி ஆரம்பம்! கெட்ட மண்ணை எல்லாம் தோண்டி, லாரி லாரியாக அதற்கென்று உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல மண்ணைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். நிலத்தடி நீரும் கெட்டிருந்தால், குழாய்க் கிணறுகள் போட்டு ஆண்டுக்கணக்கில் பார்த்து வரவேண்டும். செலவு பல பத்தாயிரம் டாலரைத் தாண்டும். காப்பீட்டுக் கம்பெனிகள் பெரும்பாலும் கையை விரித்துவிடும்.

தொட்டியை வைத்தவர் ஒருவர். எண்ணெய் எரித்துக் குளிர் காய்ந்தவர் இன்னொருவர். பணம் கட்டுகிறவரோ கடைசியாக வீட்டை வாங்கியவர்!

கிணறு கெட்ட கதை

"இது அமெரிக்காக் கதை. நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. குடிக்கவும் குளிக்கவும் புகையிலை, வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணற்று நீர்தான். கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். அதில் பிளவுகள் அதிகம். ஓரிடத்தில் ஊற்றியது வேறோர் இடத்தில் போய்ச் சேரும்.

அங்கே சுன்னாகம் என்ற ஊரில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இருந்தது. அந்த வட்டாரத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. வாளியை இறக்கித் தூக்கினால் தண்ணீரின்மேல் பளபளவென்று படலம்! வாயில் வைக்க முடியாத நாற்றம்!

தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். பவுசர் என்று அங்கே சொல்லும் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றார்கள். தங்கள் முற்றத்துக் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டே, லாரித் தண்ணீருக்கு நிற்பது எவ்வளவு கொடுமை!

மக்கள் போராடினார்கள். ஆபத்தான அளவுக்கு எண்ணெய் இல்லை என்று நிபுணர் குழு ஒன்று சொன்னது. மக்கள் அதை ஏற்கவில்லை. 2015-ம் ஆண்டில் அங்கு இயங்கிய தனியார் மின் நிலையம் நீதிமன்ற உத்தரவால் நின்றது. வழக்கு கொழும்பு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீர்ப்பு வந்தது. நிலத்தையும் நீரையும் கெடுத்ததற்காக, அந்த நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிபதிகள் உத்தரவிட்டார்கள்.

தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால், பணத்தை எண்ணிக் கொடுப்பதுபோல் கிணற்றைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

சென்னையிலும் இது நடந்தது. 2013-ம் ஆண்டில் தண்டையார்பேட்டையில் ஆழ்குழாய்க் கிணற்றை இறைத்தபோது பெட்ரோல் வாடை வந்தது. துறைமுகத்தில் இருந்து வரும் எண்ணெய்க் குழாய் மண்ணுக்கு அடியில் கசிந்ததுதான் காரணம். பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போயிற்று. நிலத்தடி நீரை இறைத்து, எண்ணெயைப் பிரிக்கும் வேலை நெடுநாள் நடந்தது.

எண்ணெய் தின்னும் கிருமி

கெட்ட மண்ணைத் தோண்டி எறிவது ஒன்றுதான் வழியா? இல்லை. எண்ணெயைத் தின்னும் நுண்கிருமிகள் உண்டு! மண்ணைப் பரப்பி, கிருமியைக் கலந்து, ஈரமும் உரமும் காற்றும் கொடுத்துக் கிளறினால், அவை எண்ணெயை மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும். நம் நாட்டில் டெரி என்ற ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட கிருமிக் கலவை ஒன்றைத் தயாரித்து, 'ஆயில்சாப்பர்' என்று பெயர் வைத்தது. ஒரே நாளில் நடக்கும் மாயம் அல்ல. மாதக்கணக்கில் ஆகும்.

நம் ஊரில் தொட்டி எங்கே?

பெட்ரோல் பங்கில்தான்! நாம் வண்டியை நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே, மண்ணுக்கு அடியில் பெரிய தொட்டிகள் இருக்கின்றன. காலையில் ஊழியர் நீண்ட கோலை உள்ளே விட்டு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார். விற்ற கணக்குக்கும் கோல் காட்டும் கணக்குக்கும் வித்தியாசம் வந்தால், தொட்டி கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அந்தச் சிறு கணக்கு, பக்கத்துத் தெருக் கிணறுகளின் உயிர்!

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வியாபாரத் தொட்டிகளுக்கு 1988-ம் ஆண்டில் கடும் விதிகள் போட்டார்கள். இதுவரை 5 லட்சத்துக்கும் அதிகமான கசிவுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ம் ஆண்டில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியிருப்பு ஆகியவற்றுக்கு 50 மீட்டருக்குள் புதிய பங்க் பொதுவாகக் கூடாது என்று விதி வகுத்தது. நம் மாவட்டத்துத் தேரி மணலைப் பார்த்தவர்களுக்கு, இந்த விதியின் அருமை புரியும். ஊற்றிய தண்ணீர் கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே போய்விடும் மணல் அது. எண்ணெயும் அப்படித்தான் இறங்கும்.

கிணற்று நீரில் படலம் தெரிந்தால் உடனே பயப்படவும் வேண்டாம். குச்சியால் கலக்கிப் பாருங்கள். படலம் கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து தனித்தனியாக நின்றால், அது பெரும்பாலும் இரும்புச் சத்தால் வருவது. கலைந்து மீண்டும் ஒன்று கூடினால், எண்ணெயாக இருக்கலாம். மழைக்குப் பின் நீர் ஏறும்போது வாடையும் கூடுகிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடை அடித்தால், அந்த நீரைக் குடிக்காதீர்கள். சமையலுக்கும் எடுக்காதீர்கள். பெட்ரோலில் உள்ள பென்சீன், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கிணற்றுக்குள் விளக்கோ, தீக்குச்சியோ காட்டக்கூடாது. கிணற்றடி மோட்டாரின் சுவிட்சையும் தொடக்கூடாது. பொறி பறந்தால் போதும்!

சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் நீரை நிரப்பி, இறுக மூடி, தேதியை எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் அப்படியே எடுங்கள். எந்தக் கிணற்றில் வாடை அதிகம் என்று பார்த்தால், கசிவு எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரியும். பிறகு, தூத்துக்குடியில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். மனுவைக் கொடுத்ததும் ரசீது வாங்க மறக்காதீர்கள்.