பதித்த பேசின் யாருக்கு?

பீங்கானோடு பழகிய விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் வாஷ்பேசின் வெறும் சரக்கு. அதையே சுவரில் சிமென்ட் வைத்துப் பதித்துக் குழாயையும் இணைத்துவிட்டால் அது வீட்டின் ஓர் உறுப்பு. வீடு கைமாறும்போது எழும் பாதிச் சண்டைகள் இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை. அட்வான்ஸ் கொடுத்த அன்று ஓடிக்கொண்டிருந்த போர் மோட்டார் சாவி வாங்கும் நாளில் இருக்காது. தேக்கு நிலைக்கதவு நின்ற இடத்தில் பிளைவுட் கதவு நிற்கும்.

இதில் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 8-இன்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, விற்ற வீட்டின் பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல் எல்லாம் வாங்கியவருக்கே. வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுத்த அமைத்த மற்றவையும் அப்படியே. அடுப்படித் தரையில் புதைத்த ஆட்டுக்கல், முற்றத்துத் துளசிமாடம், கொல்லையில் வேர்விட்ட தென்னை எல்லாம் வீட்டோடு வரும். ஊஞ்சலில் உத்தரத்துக் கொக்கி வீட்டைச் சேர்ந்தது. பலகையையும் சங்கிலியையும் விற்பவர் கழற்றிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

எப்படிப் பொருத்தினார்கள் என்பதைப் போலவே எதற்காகப் பொருத்தினார்கள் என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். டூரிங் டாக்கீஸ் கருவிகள் பற்றிய 1955-ஆம் ஆண்டு வழக்கில், போல்ட் போட்டு இறுக்கியிருந்த எஞ்சினையும் அசையும் பொருள் என்றே சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. காரணம், படம் ஓட்டுவதற்குத்தான் அதை இறுக்கினார்கள். நிலத்துக்கு நிலையான பயன் தருவதற்கு அல்ல. ஃபேன், கீசர், ஏசி, இன்வெர்ட்டர் ஆகியவற்றில் வாதம் இரு பக்கமும் போகும். அதனால்தான் அவற்றை எழுதி வாங்க வேண்டும். “ஃபேனையெல்லாம் விட்டுட்டுத்தான் போவேன்” என்ற வாய்ச்சொல், பத்திரம் எழுதிப் பதிந்த பிறகு பெரும்பாலும் எடுபடாது.

கொல்லையில் சிறு சூளை வைத்துப் பொம்மை செய்பவர் வாடகைக்காரராக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தான் நிலத்தில் பொருத்தியவற்றை, இடத்தைத் தான் பெற்ற நிலையிலேயே திருப்பித் தருவதாக இருந்தால், அங்கே இருக்கும்வரை எடுத்துச்செல்ல அவருக்கு உரிமை உண்டு (அதே சட்டம், பிரிவு 108). வீட்டுக்காரர் காட்டுகிறார் என்பதற்காகச் சூளைக்கும் விலை பேசிவிடாதீர்கள். “இதைக் கட்டியவர் யார்?” என்று வாடகைக்காரரிடமே கேளுங்கள். அச்சுகளும் காயவைத்த பொம்மைகளும் எந்த நிலையிலும் அவருடையவை.

முத்திரைத்தீர்வையைக் குறைக்கச் சிலர் ஒரு தவறான யோசனை சொல்வார்கள். தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். சோபா, கட்டில், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றின் விலையைத் தனியாக எழுதுவது நியாயம். சுவரோடு கட்டிய அலமாரியையும் போர் மோட்டாரையும் ‘அசையும் பொருள்’ என்று பிரித்து எழுதுவது ஆபத்து. கான்பூர் உர ஆலை வழக்கில், நிலத்தில் நிரந்தரமாக நிறுவிய இயந்திரங்களுக்கும் முத்திரைத்தீர்வை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கிரைய ஒப்பந்தத்துக்குப் பின் வீட்டை ஒப்படைக்கும்வரை அதைப் பொறுப்போடு பேணுவது விற்பவரின் கடமை (சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55). ஆகவே பதிவு நாளன்று காலையில் வீட்டை மறுபடி ஒரு சுற்று பாருங்கள். மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஏதாவது காணவில்லையென்றால் மீதிப் பணம் கையில் இருக்கும்போதே பேசுங்கள். பதிந்து சாவியும் வாங்கிய பிறகு உங்களுக்குத் தெரியாமல் கழற்றிச் சென்றால் அது திருட்டாகவும் ஆகலாம். ‘சிவில் விவகாரம்’ என்று காவல் நிலையம் ஒதுங்கினால், வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி நஷ்டஈடு கேளுங்கள். பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அறை அறையாகக் கைபேசியில் படம் எடுங்கள். இருப்பவை, விட்டுச்செல்பவை, எடுத்துச்செல்பவை என்று பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க இயலாதவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.