ஊர் வாயும் ஒரு தாயும்

பள்ளிக்கூடத்தில் விழா. உங்கள் பையன் மேடை ஏறிப் பாடுகிறான். உங்களுக்கு எப்படி இருக்கும்? மனசு பூரித்துப் போகாதா? அப்படித்தான் பூரித்து உட்கார்ந்திருந்தாள் ஒரு தாய். அந்தச் சமயம் பார்த்து ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் காதில் எதையோ ஓதினாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். வரிசை வரிசையாக அந்த ரகசியம் பரவிவிட்டது!

1934-ம் ஆண்டு, சீனாவின் ஷாங்காய் நகரில் லியன்ஹுவா கம்பெனியார் தயாரித்த ஊமைப் படத்தில் வரும் காட்சி இது. வூ யூங்காங் என்பவர் டைரக்ட் செய்த முதல் படம். பெயர் ‘ஷென்நியூ’. சீன மொழியில் ‘தெய்வப் பெண்’ என்று பொருள். தெருவில் நின்று உடலை விற்பவளையும் ஜாடையாக அதே சொல்லால் குறிப்பிடுவது உண்டு. நம்முடைய ‘தேவரடியார்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியை நினைத்துப் பாருங்கள், விளங்கும்.

கதாநாயகிக்குப் படத்தில் பெயரே கிடையாது. கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவில் தெருவுக்குப் போகிறாள். திரும்பி வந்ததும் பிள்ளையை வாரி அணைத்துக்கொள்கிறாள். ஒரு நாள் போலீஸுக்குப் பயந்து ஓடி, ஒரு முரடன் அறையில் ஒளிகிறாள். சூதாடியான அவன் அன்று முதல் அட்டையாக ஒட்டிக்கொள்கிறான். வீடு மாறினாலும் விடுவதில்லை. அவன் கண்ணில் படாமல், சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, அந்தப் பொந்தில் பணத்தை ஒளித்து வைக்கிறாள். எல்லாம் பிள்ளையின் படிப்புக்காக. நாம் கடுகு டப்பாவில் காசு சேர்ப்பதில்லையா, அதைப் போலத்தான்!

விழாவில் கிளம்பிய ரகசியம் சும்மா இருக்குமா? பெற்றோர்களிடமிருந்து பள்ளிக்குப் புகார் போகிறது. விசாரிக்கத் தலைமை ஆசிரியர் வீட்டுக்கே வருகிறார். அவள் எதையும் மறைக்கவில்லை. ‘என் தொழில் இழிவானதுதான்; அதற்காக என் பிள்ளை படிக்கக் கூடாதா?’ என்று கேட்கிறாள். குரல் நம் காதில் விழுவதில்லை. ஆனால் அந்தக் கண்கள் பேசுகின்றனவே! பெரியவர் மனம் உருகி நிர்வாகிகளிடம் வாதாடுகிறார். பலிக்கவில்லை. பையனை நீக்குகிறார்கள், அவரும் ராஜிநாமா செய்கிறார்.

வேறு எங்காவது போய்விடலாம் என்று பொந்தில் கை விட்டால், பணத்தைக் காணோம்! சூதாடி எடுத்துத் தொலைத்துவிட்டான். ஆத்திரத்தில் பாட்டிலால் ஓங்கி அடிக்கிறாள். அவன் உயிர் போகிறது. அவளுக்கு 12 வருஷம் சிறை. பையனைத் தாம் வளர்ப்பதாகச் சொல்ல அந்தப் பெரியவர் சிறைக்கு வருகிறார். அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தாய் இறந்துவிட்டாள் என்று பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்!

இந்தத் தாயாக நடித்தவர் ரூவான் லிங்யூ. 1910-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே தகப்பனாரை இழந்தவர். தாயார் பணக்கார வீட்டில் வேலைக்காரியாக இருந்து அவரை வளர்த்தார். ஒரு தாய் பிள்ளைக்காக என்னவெல்லாம் சகித்துக்கொள்வாள் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

படம் வந்த மறு வருஷமே அவருடைய சொந்த வாழ்க்கை கோர்ட்டு வரை போயிற்று. முன்பு கூட வாழ்ந்தவனே வழக்குத் தொடுத்தான். பத்திரிகைகள் அவருடைய அந்தரங்கத்தைத் தோண்டித் தோண்டி எழுதின. 1935 மார்ச் 8-ந் தேதி அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 24. அன்று சர்வதேச மகளிர் தினம்! ஆயிரக்கணக்கான ஜனங்கள் தெருவில் நின்று அவருடைய இறுதி ஊர்வலத்தைப் பார்த்தார்கள். அவரைப் பற்றிய வம்பை ருசித்துப் படித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

படம் அழியாமல் இருக்கிறது, இன்றும் பார்க்கலாம். பார்க்கும்போது சூதாடியை வெறுப்பது சுலபம். பள்ளிக்குப் புகார் செய்தவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். அவர்கள் கொடியவர்கள் அல்ல. தம் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள். நம்மைப் போன்றவர்கள்.

அந்த விழாவில் நாமும் இருந்து, நம் காதிலும் அந்த ரகசியம் விழுந்திருந்தால், அடுத்த நாற்காலிக்குச் சொல்லியிருப்போமா, மாட்டோமா? உங்கள் மனசையே கேட்டுப் பாருங்கள்.