சிசேரியன் பேறும் மயக்க மருந்தும்: எம்முறை யாருக்கு ஏற்றது?

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாடும் கர்நாடகமும் வந்து கூடும் இடத்தருகே, குப்பத்தை அடுத்து அமைந்துள்ளது சாந்திபுரம் மண்டலம். 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமான பின்னரும் சாந்திபுரம் சித்தூர் மாவட்டத்திலேயே உள்ளது. இப்பகுதியில் பிரசவ வேளையில் ஒரு பெண்ணுக்குச் சிக்கல் நேரிட்டால் முதலில் நாட வேண்டிய இடம் குப்பம். அங்கு முடியாவிடின் சித்தூர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கும் திருப்பதியோ அதற்கும் அப்பால் சுமார் எழுபது கிலோமீட்டர். எந்த ஊரில் அறுவை நடந்தாலும் அதற்கு முன் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு: தாய்க்கு வலி தெரியாதிருக்க எந்த வகை மயக்கம் கொடுப்பது?

இவ்வினா ஒரு சிலரைப் பற்றியதன்று. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) நாட்டில் நிகழும் பேறுகளில் 21.5 சதவீதமும், ஆந்திரத்தில் 42.4 சதவீதமும் சிசேரியன் முறையில் நடைபெறுகின்றன. ஆந்திரத்தின் அரசு நிலையங்களில் இது 26.6 சதவீதம், தனியார் நிலையங்களில் 63. இத்தனை அறுவைகளும் தேவைதாமா என்பது தனியே ஆராய வேண்டிய பொருள்.

இருவகை முறைகள்

முறைகளை இரண்டாகப் பகுக்கலாம். தாய் முற்றிலும் நினைவிழந்து உறங்கும் முழு மயக்கம் ஒன்று. நினைவு தெளிவாக இருக்க, மார்புக்குக் கீழே உடல் மரத்துப்போகும் முறை மற்றொன்று. பின்னதில் தண்டுவட ஊசி, எபிட்யூரல் என இரு பிரிவுகள் உள்ளன; இரண்டையும் இணைத்துச் செய்வதும் உண்டு.

முழு மயக்கமே மூத்தது. 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதரின் பயன் மக்கள் முன் மெய்ப்பிக்கப்பட்டது. மறு ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் அதனைப் பிரசவத்திற்குப் பயன்படுத்தினார். பின்னர் குளோரோபாரத்துக்கு மாறினார். 1853இல் விக்டோரியா அரசியார் குளோரோபாரம் ஏற்றுப் பிள்ளை பெற்றபின் எதிர்ப்புகள் தணிந்தன. தண்டுவட முறையை 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். எபிட்யூரல் முறையை 1921இல் ஸ்பெயின் நாட்டு இராணுவ மருத்துவர் பிடல் பாகேஸ் விவரித்தார்.

தண்டுவட ஊசி

இன்று திட்டமிட்ட சிசேரியன்களில் பெரும்பாலானவற்றுக்கு முதுகில் போடும் இந்த ஊசியே கையாளப்படுகிறது. இடுப்பு முள்ளெலும்புகளின் இடைவெளி வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தித் தண்டுவட நீரில் சுமார் 2 மில்லிலிட்டர் பூப்பிவக்கைன் மருந்தைச் சேர்க்கின்றனர். சில நிமிடங்களில் உடலின் கீழ்ப்பகுதி மரத்துவிடும். அறுவை முடியும்வரை அது நீடிக்கும். மருந்தின் அளவு மிகக் குறைவாதலால் குழந்தையைச் சென்றடைவது அற்பமே. பிறந்தவுடன் குழந்தையின் அழுகுரலைத் தாய் கேட்கிறாள். விரைவிலேயே பாலூட்டவும் இயலுகிறது.

குறைகளும் இல்லாமலில்லை. இரத்த அழுத்தம் சட்டெனத் தாழ்வது அடிக்கடி நிகழ்வது. கருப்பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தாதிருக்கத் தாயை இடப்புறம் சற்றே சாய்த்துப் படுக்கவைத்து, நரம்பு வழித் திரவமும் பினைலெப்ரின் போன்ற மருந்தும் அளித்து இதனைச் சமாளிக்கின்றனர். எழுந்து உட்கார்ந்தால் மிகுந்து, படுத்தால் தணியும் தலைவலி மற்றொன்று. பென்சில் முனை போன்ற நுண்ணிய ஊசிகள் வந்தபின் இது மிகவும் குறைந்துள்ளது. ஊசி போட்டதால்தான் ஆயுள் முழுதும் முதுகுவலி என்று ஊரில் பரவலாகச் சொல்லப்படுவதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. கருவுற்ற காலத்திலேயே முதுகுவலி தோன்றுவது பொதுவானது.

எபிட்யூரலில் நுண்குழாய் ஒன்றைப் பொருத்தி, வேண்டியபோதெல்லாம் மருந்து செலுத்தலாம். பிரசவ வலியைத் தணிக்க முன்பே குழாய் பொருத்தப்பட்டிருப்பின், சிசேரியன் தேவைப்படும்போது அதன் வழியே கூடுதல் மருந்து கொடுத்தால் போதும். புதிதாகத் தொடங்கினால் பலன் தெரியக் கால் மணி நேரத்திற்கு மேலாகலாம். மருந்தும் பன்மடங்கு தேவை. சிறு மருத்துவமனைகளில் இது அரிதாயிருப்பதில் வியப்பில்லை.

முழு மயக்கத்தின் இடம்

குழந்தையின் இதயத் துடிப்பு தளர்ந்து ஒவ்வொரு நிமிடமும் எண்ணப்படும்போதும், தாய்க்குப் பெருமளவு இரத்தப்போக்கு இருக்கும்போதும், இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளபோதும், முதுகு ஊசி பலிக்காதபோதும் முழு மயக்கமே கைகொடுக்கிறது. இதன் பெரும் ஆபத்து மூச்சுக்குழலைச் சார்ந்தது. கர்ப்பிணியின் தொண்டைத் திசுக்கள் வீங்கியிருப்பதால் குழாய் செலுத்துவது கடினம்; உடலில் ஆக்சிஜன் இருப்பும் விரைவில் தீர்ந்துவிடும். வயிற்றிலுள்ள உணவும் அமிலமும் மேலேறி நுரையீரலுக்குள் செல்லக்கூடும். நியூயார்க் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் 44,016 பேறுகளை ஆராய்ந்து, இவ்வாறு நேர்ந்த 66 நிகழ்ச்சிகளை 1946இல் மெண்டல்சன் எடுத்துக்காட்டினார். வலி கண்டவளுக்குத் தெம்பு வரட்டும் என்று வீட்டார் கஞ்சியோ காப்பியோ கொடுப்பது அன்பினால்தான். எனினும் எப்போது, என்ன கொடுத்தனர் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவது இன்றியமையாதது.

அமெரிக்காவில் 1985–90இல் முழு மயக்கத்தால் நேர்ந்த மரணம் பத்து லட்சத்துக்கு 32.3, மரப்பு முறைகளில் 1.9. பதினேழு மடங்கு வேறுபாடு! ஆயினும் 1997–2002இல் இவை முறையே 6.5, 3.8 என நெருங்கின. கருவிகளும் பயிற்சியும் மேம்பட்டதே இதற்கு முக்கியக் காரணம். மேலும், மிகவும் நலிந்த தாய்மார்களுக்கே பெரும்பாலும் முழு மயக்கம் தரப்படுவதால், இறப்புகள் அனைத்தையும் அம்முறையின் தலையில் சுமத்துவது புள்ளிவிவரத்தைத் தவறாகப் படிப்பதாகும்.

வளரும் நாடுகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. 2016இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் சிசேரியனுக்குப் பின் நிகழும் தாய் இறப்புகளில் 13.8 சதவீதம் மயக்க மருந்துச் சிக்கலால் நேர்ந்தவை எனக் கணித்தது.

மலிவு எனும் மயக்கம்

தண்டுவட ஊசிக்கு ஒரு சிறு மருந்துக் குப்பியும் ஊசியும் போதும். விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. ஆகவே சிறு மருத்துவமனைக்கு அதுவே சிக்கனமானது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். இக்கணக்கு முழுமையானதன்று. மரப்பு அளவுக்கு மீறி மேலேறினால் தாயின் மூச்சே தடைப்படலாம். அவ்வேளையில் ஆக்சிஜனும், மூச்சுக்குழாய் செலுத்தும் கருவியும், அதில் தேர்ந்த கையும் அருகிலேயே இருக்க வேண்டும். முழு மயக்கம் கொடுக்கத் தகுதியில்லாத இடத்தில் தண்டுவட ஊசியும் பாதுகாப்பானதன்று என்பதே உண்மை. முதுகு ஊசியே வழக்கமாகிவிட்டதால், முழு மயக்கம் கொடுக்கும் பழக்கம் இளம் மருத்துவர்களுக்குக் குறைந்து வருவதும் கவனிக்கத்தக்கது.

ஆள் கணக்கும் உண்டு. வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் பணியாற்றினால், இரவு பகலாகச் சேவை தர மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பையும் சேர்த்தால் நால்வருக்குக் குறையாது. ஒரேயொரு மயக்க மருந்து நிபுணர் பணியிடம் நிரப்பப்பட்டதும் குறை தீர்ந்தது எனக் கோப்பில் எழுதப்படுவது இக்கணக்கை மறந்ததன் விளைவே. இப்பற்றாக்குறையைக் கருதியே எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரக் காலத்தில் உயிர்காப்பு மயக்க மருந்துப் பயிற்சியளிக்கும் திட்டத்தை மத்திய அரசு வகுத்தது. பயிற்சி பெற்றவர் அறுவை அரங்கே இல்லாத நிலையத்துக்கு மாற்றப்பட்டால் அச்செலவு வீணே.

எல்லையோர மண்டலங்களில் இன்னொரு சிறு செய்தியும் சேர்ந்துகொள்கிறது. குப்பம் வட்டாரத்தில் வீட்டில் தமிழோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் பல. எம்முறை, ஏன், அதில் என்ன ஆபத்து என்பதைத் தாய்க்குப் புரியும் மொழியில் எடுத்துக்கூறிய பின்னரே ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெறுதல் வேண்டும். வலி முற்றிய நிலையில் இதற்கு நேரமிராது; எட்டாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே கிராமச் செவிலியர் இதனைத் தொடங்கிவிடலாம்.