போதுமென்ற மனமும் ஆவியின் வரங்களும்

அன்பைப் பற்றித் திருமண ஆராதனையில் பேசுகிறோம். போதுமென்ற மனதைப் பற்றி அறுப்பின் பண்டிகையில் பேசுகிறோம். ஆவியின் வரங்களைப் பற்றி உயிர்மீட்சிக் கூட்டங்களில் பேசுகிறோம். மூன்றையும் மூன்று தனித் தலைப்புகளாகக் கையாளுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். இதன் விளைவாக, அன்பு வீட்டுக்குள் அடங்கும் மெல்லுணர்வாகவும், போதுமென்ற மனம் ஏழைகளுக்கு நாம் சொல்லும் ஆறுதலாகவும், வரங்கள் சிலருக்கு மட்டுமே உரிய சிறப்படையாளங்களாகவும் குறுகிவிடுகின்றன. பவுலடிகளாரிடத்திலோ இம்மூன்றும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துள்ளன. கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதலாம் நிருபத்தைத் துணையாகக் கொண்டு இப்பிணைப்பை நோக்குவோம்.

1. கொரிந்துத் திருச்சபையின் நோய்

கி.மு. 146-இல் ரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்து நகரம், கி.மு. 44-இல் யூலியு சீசரால் ரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவப்பட்டது. அங்குக் குடியேறியவர்களுள் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். பழங்குடிப் பெருமை பேச வழியில்லாத அந்த வணிக நகரில், பொருளாலும் சொல்வன்மையாலும் தன்னை உயர்த்திக் காட்டியவனே மதிக்கப்பெற்றான். நகரத்தின் இம்மனப்பான்மை சபைக்குள்ளும் நுழைந்தது. தலைவர்களின் பெயரால் கட்சிகள் எழுந்தன (1:12). சகோதரர் சகோதரர்மேல் வழக்காடினர் (6:6). ஆண்டவருடைய பந்தியிலேயே ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருந்தான் (11:21). இத்தகைய சபையில் ஆவியின் வரங்களும் போட்டிப் பொருளானதில் வியப்பில்லை.

இந்நோயைப் பவுலடிகளார் குறிக்கும் சொல்லாட்சி ஊன்றி நோக்கத்தக்கது. ‘ஸேலூன்’ என்னும் கிரேக்க வினைச்சொல் 12:31-இலும் 14:1-இலும் வரங்களை ஆவலோடு தேடுவதைக் குறிக்கிறது. இடையிலுள்ள 13:4-இல், அன்பு எதனைச் செய்யாது என்று கூறுமிடத்தில், அதே வினைச்சொல் பொறாமை கொள்வதைக் குறிக்கிறது. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இம்மூன்று இடங்களிலும் நாடுதல், பொறாமை, விரும்புதல் என வெவ்வேறு சொற்களைக் கையாளுகின்றமையால் இத்தொடர்பு நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வரத்தைத் தேடும் ஆவலும் பிறன் வரத்தின்மேல் எழும் பொறாமையும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. எந்தக் கிளை தழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அன்பு. ஆகவேதான் வரங்களைப் பற்றிய இரு அதிகாரங்களுக்கு நடுவே அன்பின் அதிகாரம் நிற்கிறது.

இறுமாப்பைக் குறிக்கும் மற்றொரு சொல்லும் கருதத்தக்கது. ‘ஃபுசியூன்’ என்னும் அவ்வினைக்கு ஊதிப் பெருத்தல் என்பது பொருள். புதிய ஏற்பாட்டில் அது வரும் ஏழு இடங்களுள் ஆறு இந்த ஒரே நிருபத்தில் உள்ளன. ஆவியினால் நிறைவதும் காற்றினால் ஊதுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும் என்பதை அச்சபையின் நிலை நமக்கு உணர்த்துகின்றது.

2. காலின் சொல்லும் கண்ணின் சொல்லும்

பன்னிரண்டாம் அதிகாரத்தில் உடலின் உறுப்புகள் பேசுகின்றன. முதலில் பேசுவது கால். தான் கையாக இல்லாமையால் உடலைச் சேர்ந்ததன்று என்கிறது (12:15). இது தாழ்வு மனப்பான்மையின் குரல். பிறனுக்குக் கிடைத்த வரத்தை அளவுகோலாகக் கொண்டு தன்னை அளந்து, தனக்குரியதையும் பயனற்றதாக்கிக்கொள்ளும் நிலை இது. பின்னர்ப் பேசுவது கண். கை தனக்குத் தேவையில்லை என்கிறது (12:21). இது தன்னிறைவின் குரல்.

இவ்விரண்டனுள் காலின் நோயையே நாம் எளிதில் இனங்காண்கிறோம். ‘இருப்பதில் நிறைவடைக’ என்று அதற்கு மருந்தும் கூறுகிறோம். ஆனால் கண்ணின் நிலையை நோயென்று கருதுவதில்லை. அது ஏற்கெனவே நிறைவடைந்திருக்கிறது அன்றோ! ஒருவரிடத்திலும் ஒன்றும் வேண்டாத அந்நிறைவைச் சில வேளைகளில் ஆவிக்குரிய முதிர்ச்சி என்றுகூடப் பாராட்டுகிறோம். பவுலடிகளாரோ இரண்டையும் ஒரே உடலின் நோய்களாகவே காண்கிறார். அப்படியாயின், உண்மையான போதுமென்ற மனம் யாது?

3. ஸ்தோயிக்கரின் நிறைவும் பவுலடிகளாரின் நிறைவும்

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், எந்நிலையிலும் மனரம்மியமாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுலடிகளார் கூறுகிறார் (4:11). அங்கு அவர் ஆளும் ‘அவுதார்க்கேஸ்’ என்னும் சொல் ஸ்தோயிக்கத் தத்துவத்தில் சிறப்பிடம் பெற்ற சொல். தனக்குத்தானே போதுமானவன் என்பது அதன் பொருள். ஸ்தோயிக்க ஞானியின் நன்மை புறப்பொருள் எதனையும் சார்ந்ததன்று. அவன் நண்பர்களை விரும்பலாம். எனினும் அவர்களின்றியும் குறைவின்றி வாழ்வான். கொரிந்துவில் பவுலடிகளாரைத் தன் நியாயாசனத்தின்முன் கண்ட கல்லியோன் (அப். 18:12), ஸ்தோயிக்கத் தத்துவ அறிஞர் செனெக்காவின் உடன்பிறந்தவன் என்பது நினைவுகூரத்தக்கது. இத்தகைய கருத்துகள் உலவிய உலகில்தான் அப்போஸ்தலர் ஊழியம் செய்தார்.

ஆனால் அச்சொல்லை எடுத்தாண்ட அவர், அதன் பொருளை மாற்றிவிடுகிறார். சிறையிலிருந்து அவர் இதனை எழுதுவது, எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த உதவிக்கு நன்றி கூறும் பகுதியிலேயாம். எல்லாவற்றையும் செய்யத் தமக்குப் பெலனுண்டு என்றுரைத்த மறு வசனத்திலேயே, தம்முடைய உபத்திரவத்தில் அவர்கள் பங்குகொண்டது நல்ல செயல் என்கிறார் (4:13, 14). அவருடைய பெலன் அவரிடமிருந்து பிறந்ததன்று. தம்மைப் பெலப்படுத்துகிறவரிடமிருந்து வந்தது. ஆதலால், பிறரிடமிருந்து பெற்றுக்கொள்வது அவருக்கு இழுக்காகத் தோன்றவில்லை. பெற வெட்கப்படாமலும், பெறாதபோது கசந்துகொள்ளாமலும் இருப்பதே அவர் கற்றுக்கொண்ட நிறைவு. இந்நிறைவைக் கற்ற கால், கையைக் கண்டு பொறாமைகொள்ளாது. இதனைக் கற்ற கண், கை தனக்குத் தேவையில்லை என்று கூறாது.

4. பிறர் பசிக்குச் சொல்லத்தகாத சொல்

ஈண்டு ஓர் எச்சரிப்பு இன்றியமையாதது. நிறைவைத் தாம் கற்றுக்கொண்டதாகவே பவுலடிகளார் கூறுகிறார். அது சிறையிலிருந்து அவர் தம்மைப் பற்றிக் கூறும் சாட்சி. கொரிந்துவின் பந்தியில் பசித்திருந்தவனைப் பார்த்து, இருப்பதில் நிறைவடையுமாறு அவர் கூறவில்லை. உண்டு வெறித்தவர்களை நோக்கி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களோ என்று கேட்டார் (11:22). உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதும் என்னும் அறிவுரையும் (1 தீமோ. 6:8) அவ்விரண்டும் கிடைத்திருப்பதை முன்வைத்தே எழுந்தது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலோ, ‘அவுதார்க்கெயா’ என்னும் போதுமான நிலை ஈகைக்கு ஊற்றாகக் காட்டப்படுகிறது (9:8). எனக்குப் போதும் என்பவனே பிறனுக்குக் கொடுக்க இயலும்.

ஆயர்களாகிய நாம் இதனை நம்மேல் பொருத்திப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். குறைந்த ஊதியத்தில் பல கிராமங்களைக் கவனிக்கும் உபதேசியாரிடம் போதுமென்ற மனதைப் பற்றிப் பேசிவிட்டு, நமக்கு வரவேண்டிய இடமாற்றத்தைப் பற்றி வீட்டில் முறுமுறுத்ததில்லையா? உடன் ஊழியர் ஒருவருடைய பிரசங்கம் புகழப்படும்போது நம் உள்ளத்தில் எழுவது ‘ஸேலூன்’ என்பதன் எந்தப் பொருள்? அன்பின் அதிகாரத்தைப் பீடத்தில் நின்று வாசிப்பதற்கு முன்னர் இக்கேள்விகளுக்கு நாம் விடைகூற வேண்டியவர்களாயிருக்கிறோம்.

5. அன்றாட வாழ்வில் வரங்கள்

வரம் என நாம் மொழிபெயர்க்கும் ‘காரிஸ்மா’, கிருபை எனப் பொருள்படும் ‘காரிஸ்’ என்னும் சொல்லோடு தொடர்புடையது. அந்நிய பாஷையையும் குணமாக்குதலையும் குறிப்பிடும் அதே அதிகாரத்தில், உதவி செய்தலும் நிர்வகித்தலும் வரங்களாக எண்ணப்படுகின்றன (12:28). ரோமருக்கு எழுதிய நிருபம் பகிர்ந்து கொடுத்தலையும் இரக்கஞ் செய்தலையும் சேர்க்கிறது (12:8). பேதுருவின் நிருபமோ, முறுமுறுப்பின்றி விருந்தோம்புவதைப் பற்றிக் கூறிய உடனேயே வரத்தைப் பற்றிப் பேசுகிறது (1 பேது. 4:9, 10). சமையலறையும் கணக்குப் புத்தகமும் நோயாளியின் கட்டிலருகும் வரங்கள் விளங்கும் இடங்களே. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்திற்கென எடுத்துவைத்த நம் சபைப் பெண்கள், போதுமென்ற மனமும் ஈகையும் ஒரே கையில் சேர்வதை எந்த வியாக்கியானமுமின்றி நமக்குக் கற்பித்தனர்.

1910-ஆம் ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலியைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆற்றிய உரை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மேனாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. 1 கொரிந்தியர் 13:3-ஐ அடியொற்றி, அவர்கள் பொருளையும் உடலையும் கொடுத்ததை ஒப்புக்கொண்டு, இந்தியத் திருச்சபை அன்பையும் கேட்கிறது, நண்பர்களைக் கேட்கிறது என்றார். கொடுப்பவராகவே இருந்து, பெறுபவராக ஒருபோதும் இராதவர் நண்பராக முடியாது. அசரியா சுட்டியது, கையைத் தேவையில்லை என்ற கண்ணின் நோயையே எனலாம்.

அன்று அந்த மாநாட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் இடத்தில் இன்று நாம் அமர்ந்திருக்கிறோம். பிரசங்கமும் ஜெபமும் சந்திப்பும் நிர்வாகமும் நம் ஒருவருடைய கையிலேயே இருக்கவேண்டும் என்று எண்ணும் ஆயர், எவ்வளவு உழைத்தாலும் சபையைப் பார்த்துத் ‘தேவையில்லை’ என்றே கூறுகிறார். ஆலயத்தைப் பெருக்கி மணியடிப்பவரின் பொறுமையிலிருந்து, பெண்கள் ஐக்கியத்தில் திக்கித்திக்கி ஜெபிக்கும் மூதாட்டியின் விசுவாசத்திலிருந்து, நாம் பெறவேண்டியவை உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெறும் தாழ்மையே ஆயரின் போதுமென்ற மனம்.

இறையியல் மாணவர்கள் ஊழியத்திற்குச் செல்லும்போது, தமக்கு அருளப்பட்ட வரங்கள் யாவை என ஆராய்வது நன்று. அதனினும் நன்று, தமக்கு அருளப்படாத வரங்கள் சபையில் எவரெவரிடம் உள்ளன என்று தேடிக் காண்பது. அக்குறைவை மறைக்காமலும் அதற்காக வருந்தாமலும் அவர்களிடம் செல்வோமாயின், அங்கே வரமும் நிறைவும் அன்பும் ஒன்றாகச் சந்திக்கும். தம்முடைய கிருபை போதும் என்று உரைத்த ஆண்டவர் (2 கொரி. 12:9) அக்கிருபையைப் பல கைகளில் பகிர்ந்து வைத்திருக்கிறார்.