மழை லில்லி

கோடையில் வாடிய நிலம் மழையால் குளிர்ந்த சில நாட்களில், வெண்மையும் இளஞ்சிவப்புமாய் மலர்ந்து முற்றத்தை அணிசெய்வது மழை லில்லி. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். வறட்சிக் காலத்தில் நிலத்தினுள் உணவைச் சேமித்து உறங்கும் கிழங்கு, மண் நனைந்ததும் விழித்து, காம்பொன்றுக்கு ஒரு மலராக விரியும்.

குரும்பலூர் அமைந்த பெரம்பலூர் மாவட்டத்தில் கரிசல் நிலம் பரவலாக உண்டு. கரிசல் நீரை நெடுநாள் தாங்கும். அவ்வீரம் மிகுந்தால் கிழங்கு அழுகும். ஆதலின், மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து பாத்தியை மேடாக்குதல் வேண்டும். வெயில் படும் இடத்தில், 2 அங்குல ஆழத்தில், 3 அங்குல இடைவெளியில் கிழங்குகளை நடுக. அவை பெருகி நெருங்கியபின் பிரித்து நடலாம்.

ஒன்றை மறத்தலாகாது. சின்ன வெங்காயம் செழித்து விளையும் மாவட்டம் இது. மழை லில்லியின் கிழங்கும் வெங்காயம் போன்றே தோன்றும். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகளே. ஆயினும், லில்லிக் கிழங்கு நச்சுடையது; உண்டோர்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் விளைவிக்கும். எனவே, தோண்டியெடுத்த கிழங்கை அடுக்களையில் வையாது, சிறுவர்க்கு எட்டாத இடத்தில் தனியே வைத்தல் வேண்டும். உருவால் ஒத்தவை யாவும் குணத்தால் ஒத்தவை அல்ல.